மூத்தவனின் முறை

தம்பி தொலைபேசியில் பேசி இருபத்தாறு மணி நேரம் ஆகியிருந்தது. அக்கா இன்னும் அப்பாவிடம் வாய் திறக்கவில்லை.

சண்டை போட்டுக்கொண்டு வீட்டை விட்டுப் போனவன், ஆறு வருடத்தில் முதல் தடவையாகக் கூப்பிட்டிருந்தான். செவ்வாய்க்கிழமை கப்பல் வேலைக்குப் போகிறானாம். ஏறினால் திரும்ப இரண்டு வருடம். அவன் பேசியபோது அப்பா மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். இறங்கி வந்ததும் தினமும் கேட்பதையே கேட்டார்.

"யாராவது கூப்பிட்டாங்களாம்மா?"

"இல்லப்பா."

மடியில் கனம் இருந்தால் வழியில் பயம். ஞாயிற்றுக்கிழமை நான்கு மணிக்கு தேவாலயத்தின் பக்கத்து அறையில் நாற்காலிகளைப் போட்டவள், போட்டதை எடுத்து மறுபடி போட்டாள். படம் காட்டும் கருவியின் மின்கம்பியைச் செருகி, சரியாகச் செருகினோமா என்று இரண்டு முறை தொட்டுப் பார்த்தாள். இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். மெஷின் தெரிந்த பெண் என்று படம் போட்டு நடத்தும் இந்த வேத வகுப்பை அவள் தலையில் கட்டியிருந்தார்கள். நாலு பேர் முன்னால் பேச நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று அவள் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

இன்றைக்குக் கெட்ட குமாரன் கதை: சொத்தைப் பிரித்துக்கொண்டு போய் அழித்த இளைய மகன் திரும்பி வருகிறான், தகப்பன் கொழுத்த கன்றை அடித்து விருந்து வைக்கிறார். இருபத்திரண்டு நிமிடப் படம். பதினான்காவது நிமிடத்தில், மூத்தவன் வீட்டுக்குள் வராமல் வாசலிலேயே நிற்கும்போது நிறுத்த வேண்டும். சீட்டுக் குலுக்கி, கதையில் யார் பேர் வருகிறதோ அவராகவே பேச வேண்டும். 'அவன் இப்படி நினைத்திருப்பான்' என்று சொல்லக் கூடாது, 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும். அந்த விதியைப் போட்டவள் அவளே. இல்லாவிட்டால் ஓய்வுபெற்ற டீச்சர் பொழிப்புரை சொல்லியே நேரத்தைக் கடத்திவிடுவார்.

காது மந்தம் என்பதால் அப்பா முன்வரிசையில் உட்கார்ந்தார். திரையில் கிழத் தகப்பன் மொட்டை மாடியில் நின்று மகன் போன பாதையைப் பார்த்தபோது, அப்பா தன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார். அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. நிறுத்தாமலே விட்டால் என்ன? படம் முடியும், கலைந்து போகலாம்.

"தங்கச்சி, ஸ்டாப்பிங் தாண்டிப் போகுது," என்றார் பஸ் ஓட்டுநர்.

நிறுத்தினாள். சீட்டுகள் சுற்றி வந்தன.

ஓட்டுநர் தன் சீட்டைப் பிரித்துப் பார்த்துப் பெருமூச்சு விட்டார். "நான் கொழுத்த கன்னுக்குட்டி. இந்தப் பையன் திரும்பி வந்ததுல எனக்குக் கொஞ்சம்கூட இஷ்டமில்ல."

சிரிப்பு அடங்கச் சற்று நேரமானது. அந்தச் சீட்டை எழுதிப் போட்டது தையல்காரக்கா. அவருக்குத் தகப்பன் வந்திருந்தது. "நான் எதுவும் கேக்க மாட்டேன். அளவுகூட எடுக்காம நல்ல அங்கியைப் போட்டுவிடுவேன். தொளதொளன்னு இருந்தா அப்புறம் பிடிச்சுக்கலாம்."

இளையவனாக டீச்சர் அழகாகத் தொடங்கி, மூன்றாவது வாக்கியத்தில் பாடம் நடத்தப் போனார். ஓட்டுநர் கன்றுக்குட்டி மாதிரி கத்தி உட்காரவைத்தார்.

அப்பாவுக்கு வேலைக்காரன். மூத்தவனிடம் செய்தி சொல்கிறவன். முப்பத்தைந்து வருடம் தபால்காரராக இருந்தவர் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தார்.

"நான் சேதி கொண்டுவர்றவன். உங்க தம்பி வந்திருக்கார்னு சொல்லிட்டேன். அது நல்ல சேதியா கெட்ட சேதியான்னு பாக்கிறது என் வேலை இல்ல. சேர்க்கிறதுதான் வேலை. சேர்த்துட்டேன்."

மீதி இருந்த சீட்டு அவளுடையது. பிரிக்காமலே தெரிந்தது.

"நான் மூத்தவன்," என்றாள். கை ரிமோட்டைத் திருப்பிக்கொண்டே இருந்தது. "உள்ள வர மாட்டேன். வீட்டைப் பாத்துக்கிட்டது நான். மேல படிக்கப் போகாம நின்னது நான்." அவள் இவ்வளவு பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. அவளுக்கே ஆச்சரியம், நாக்கு ஒட்டவில்லை. "ஆறு வருஷமா வேளாவேளைக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தது நான். போனவன் போன்ல நாலு நிமிஷம் பேசினா எல்லாம் சரியாயிடுமா?"

ஓட்டுநர் திரையைப் பார்த்தார். அங்கி போட்ட மூத்தவன் அசையாமல் நின்றான்.

"படத்துல ஏது தங்கச்சி போனு?"

"அது ஒரு உருவகம்," என்று டீச்சர் ஆரம்பித்தார்.

அப்பா நாற்காலியோடு திரும்பினார். நாற்காலிக் கால் தரையில் கிறீச்சிட்டது. ஆறு வருடக் கணக்கு அந்த அறையில் அவளைத் தவிர ஒருவருக்குத்தான் தெரியும்.

"யாரும்மா பேசினது?"

கட்டைவிரலின் கீழே பொத்தான் இருந்தது. அழுத்தினால் படம் ஓடும். டீச்சரின் உருவகமும் கைகொடுக்கும். அப்பா திரையைப் பார்க்கவில்லை, அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டை மேசையில் வைத்தாள்.

"நேத்து மத்தியானம் தம்பி கூப்பிட்டான்ப்பா. செவ்வாக்கிழமை கப்பல் வேலைக்குப் போறானாம், அதுக்குள்ள ஒரு தடவை வரட்டுமான்னு கேட்டான். அப்பா உன் பேரையே எடுக்கிறதில்ல, வராதேன்னு நான்தான் சொல்லிட்டேன்."