ரோலர் வாயில் நிற்பவன் பாட்டு

எனக்குப் பழைய பாட்டுப் பிடிக்காது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் நரைமுடியைப் பார்த்தவுடன் ஆளாளுக்கு ஒரு பழைய பாட்டைப் போட்டுவிட்டு, நான் கண்ணை மூடித் தலையாட்டுவேன் என்று காத்திருக்கிறார்கள். பஸ்ஸில் டிரைவர் போடுகிறார். வீட்டில் மகன் போடுகிறான். "அப்பா, உங்க காலத்துப் பாட்டுப்பா!" என் காலம் இன்னும் முடியவில்லை. முடிந்தால் சொல்லி அனுப்புகிறேன்.

பெரிய பேர் எடுத்தவர்களின் பாட்டும் வேண்டாம். பத்து லட்சம் பேர் கேட்டது என்று சொன்னால் எனக்குச் சந்தேகம்தான் வருகிறது. அத்தனை பேரையும் கேட்க வைக்க எவனோ எங்கேயோ உட்கார்ந்து வேலை பார்த்திருக்கிறான். வெள்ளிக்கிழமை காலையில் போனில் புதுப் பாட்டெல்லாம் வந்து இறங்கும். மேலே காட்டுவதைத் தொடமாட்டேன். கட்டைவிரலால் தள்ளித் தள்ளி அடிமட்டத்துக்குப் போய்விடுவேன். எழுத்தைக் கூட்டித்தான் படிப்பேன், அதனால் படத்தைப் பார்த்துத்தான் எடுப்பது. மூஞ்சியில் வெளிச்சம் அடித்துப் பல்லைக் காட்டுகிறவனை விட்டுவிடுவேன். சுவர், நாற்காலி, அறுந்த செருப்பு என்று எதையாவது போட்டுவிட்டுத் தான் ஒளிந்துகொண்டவன் யாரோ, அவனைக் கேட்பேன். மூஞ்சியை விற்க வராதவன் பாட்டைத்தானே விற்க வந்திருப்பான்?

ஏமாந்ததும் உண்டு. ஒருமுறை, நனைந்த ஜன்னல் படம் போட்ட ஒன்றை எடுத்து வேலைக்கு நடுவில் போட்டேன். மழைச் சத்தம் வந்தது. பாட்டு இப்போது வரும், இப்போது வரும் என்று எல்லோரும் காத்திருந்தோம். வரவேயில்லை. கைக்குழந்தைகளைத் தூங்க வைக்க எவனோ பிடித்து வைத்த மழையாம் அது. அதற்குள் நெட்டச்சி நின்றபடியே தூங்கி, மடித்த விரிப்பு அடுக்கின் மேல் சாய்ந்துவிட்டாள்.

நெட்டச்சி என்பது எங்களோடு வேலை செய்யும் உயரமான பெண். ஹோட்டல்களுக்குப் படுக்கை விரிப்பு வெளுத்துக் கொடுக்கும் சலவைக்கூடம் எங்களுடையது. நடுவில் ரோலர் இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேல், உள்ளே நீராவி ஓடும் இரும்பு உருளை. இந்தப் பக்கம் நான் நின்று ஈர விரிப்பை அதன் வாயில் நீட்டி நீட்டிக் கொடுப்பேன். அந்தப் பக்கம் அது காய்ந்து, சுடச்சுட வழவழவென்று வெளியே வரும். அங்கே நெட்டச்சியும் என் மனைவியின் தங்கையும் ஆளுக்கு இரண்டு முனையைப் பிடித்து, எதிரெதிரே நடந்து வந்து மடிப்பார்கள். நான் அவர்களைப் பார்க்க முடியாது, அவர்கள் என்னைப் பார்க்க முடியாது. நடுவில் இரும்பும் ஆவியும். நான் எப்போது நீட்டுகிறேன், அவர்கள் எப்போது பிடிக்கிறார்கள் என்பதைப் பாட்டுத்தான் சொல்லும். அதனால் எங்களிடம் ஒரு வழக்கம், நான் வருவதற்கு முன்பிருந்தே உள்ளது: ரோலர் வாயில் நிற்பவன் எவனோ, பாட்டு அவனுடையது. அதில் முதலாளிகூடத் தலையிட்டதில்லை.

அதிலும் தெரிந்த பாட்டு ஆகாது என்பது என் கட்சி. தெரிந்த பாட்டென்றால் மனசு அதன் பின்னாலேயே கிளம்பிப் போய்விடும், கை மட்டும் இங்கே நின்று சுட்டுக்கொள்ளும். இது எல்லோருக்கும் பொருந்துமா என்று கேட்டால் எனக்குத் தெரியாது. மச்சினி ஒத்துக்கொள்வதில்லை.

"உங்களுக்கு யாருக்கும் தெரியாதது தெரியணும் மாமா. அதான் விஷயம். கையாவது சுடுறதாவது" என்பாள்.

அதுவும் இருக்கலாம்.

போன மாதம் ஒரு மேனேஜர் வந்தான். சின்னப் பையன், சட்டைக்குள் அட்டை வைத்துத் தைத்த மாதிரி நடப்பான். வந்த அன்றே மச்சினி அவனுக்குக் கஞ்சி என்று பேர் வைத்துவிட்டாள். வந்தவன் கூரை முழுக்க ஸ்பீக்கர் மாட்டினான். அதில் காலையிலிருந்து மாலைவரை ஒரே பாட்டு. ஒரே பாட்டு இல்லை, வேறு வேறுதான், ஆனால் எல்லாம் வாயில்லாத பாட்டு. ஊர் உலகத்துக்கே தெரிந்த மெட்டுகளை எடுத்து, எலும்பை உருவிவிட்டு வாசித்தது.

"ஐயா, இனிமே உங்க பொட்டி வேணாம்" என்றான். என் குட்டி ஸ்பீக்கரைத்தான் பொட்டி என்றான்.

"ஏன் தம்பி?"

"இது வேலைக்குன்னே சோதிச்சுப் பார்த்த ம்யூசிக். எல்லாருக்கும் பிடிக்கும்."

"எல்லாருக்கும் பிடிச்சா அவங்களே வச்சுக்கட்டுமே. எனக்கு எதுக்கு?"

"பெரிய ஹோட்டல்காரங்க பார்க்க வர்றாங்க. நீங்க போடுறது... அன்னைக்கு ஒருத்தன் பாடினானே, அவனுக்கு உடம்பு சரியில்லையா?"

"அவன் குரலே அப்படித்தான்."

"அதான் சொல்றேன்."

ரோலருக்கு அந்தப் பக்கமிருந்து மச்சினி கத்தினாள். "அவரு பேச்சக் கேக்காதீங்க சார்! எங்க அக்கா தாலி கட்டின நாள்ல இருந்து சொல்லிப் பாக்குறா, இன்னும் திருந்தல!"

கஞ்சிக்குச் சிரிப்பு வரவில்லை. பெட்டியை எடுத்துப்போய் மேஜை டிராயரில் பூட்டினான். இன்னொரு தடவை என்றால் ரோலரை விட்டு இறக்கி அழுக்கறைக்கு அனுப்பிவிடுவேன் என்று எல்லோர் முன்னாலும் சொன்னான்.

அழுக்கறை என்றால் வரும் துணியைப் பிரிக்கும் இடம். ஹோட்டல் விரிப்பில் மனிதன் எதையெல்லாம் விட்டுப் போவான் என்பதை நான் சொல்லப் போவதில்லை. வேலைக்குச் சேருகிறவனை முதலில் அங்கேதான் போடுவார்கள். நானும் அங்கே கிடந்து, அங்கிருந்து ரோலருக்கு ஏறியவன்தான். இந்த வயசில் திரும்ப அங்கே போவதென்றால் மீசையை மழித்து உட்கார வைத்த மாதிரி. அது அவனுக்கும் தெரியும். தெரிந்துதான் சொன்னான்.

அடுத்த நாட்கள் வாயில்லாப் பாட்டிலேயே ஓடின. ஓடின என்று சொல்வதே தப்பு. அதை முணுமுணுப்பாகத்தான் வைத்திருந்தான், ரோலர் இரைச்சலில் அந்தப் பக்கம் கேட்பதேயில்லை. நான் கொடுப்பதும் அவர்கள் பிடிப்பதும் தாறுமாறாகி, விரிப்பெல்லாம் முடிச்சு முடிச்சாக வந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. பயம்தான். வேறென்ன?

வெள்ளிக்கிழமை வந்தது. பஸ்ஸில் காதில் மாட்டிக்கொண்டு அடிமட்டத்துக்குப் போனேன். ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, அதன் மேல் ஒரு பாத்திரம், பாத்திரத்தில் மேலேயிருந்து தண்ணீர் சொட்டுகிற படம். ஒரு பெண் குரல். சின்ன வயசுதான் இருக்கும். பின்னால் மின்விசிறி ஓடுவதுகூடக் கேட்கிறது. வீடு ஒழுகுகிறது, வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்கிறார். அதற்கு அவள்,

"ஒழுகட்டும் ஒழுகட்டும், பாத்திரம் நெறைய இருக்கு,
நான் காலி பண்ண மாட்டேன், நீ கூரையைப் போய் மாத்து"

என்று பாடுகிறாள். கெஞ்சவில்லை, அழவில்லை. சண்டைக்கு இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டவள் மாதிரி பாடுகிறாள். அதுவரை அதைக் கேட்டவர்கள் எல்லோரும் நான் போன பஸ்ஸிலேயே அடங்கியிருப்பார்கள், சீட்டும் மிச்சமிருந்திருக்கும். நான் இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிப் போய்விட்டேன்.

கூடத்துக்குள் நுழைந்தால் ஹோட்டல்காரர்கள் வந்து நிற்கிறார்கள். கஞ்சி அவர்களுக்கு ஒவ்வொரு மெஷினாகக் காட்டுகிறான். கூரையில் வாயில்லாப் பாட்டு. நான் ரோலர் வாயில் நின்று முதல் விரிப்பை நீட்டினேன். அந்தப் பக்கம் மச்சினி "மாமா, எப்ப குடுக்குறீங்கன்னே தெரியல, கை வெந்துருச்சு!" என்று கத்தினாள்.

பெட்டி இல்லை, போன் சத்தம் ரோலரிடம் எடுபடாது. தொண்டை இருந்தது. எனக்கும் ராகத்துக்கும் ஏழாம் பொருத்தம், தெரியும். இருந்தும் அடிவயிற்றிலிருந்து எடுத்தேன்.

"ஒழுகட்டும் ஒழுகட்டும்!"

ரோலர் இரைச்சலையும் மீறிக் கேட்டிருக்கிறது.

"ஐயோ, யாரை அடிக்கிறாங்க?" என்றாள் நெட்டச்சி.

"அடிக்கல, எங்க மாமா பாடுறாரு. நீ துணியைப் பிடி" என்றாள் மச்சினி.

பிடித்தார்கள். நான் "நான் காலி பண்ண" என்று நீட்டுவேன், "மாட்டேன்" என்னும்போது அங்கே முனை அவர்கள் கையில். கொஞ்ச நேரத்தில் அவர்களும் சேர்ந்துகொண்டார்கள், பாதி வார்த்தை தப்பு, மெட்டு என்னைவிடச் சரி. விரிப்பு அன்றுதான் ஒழுங்காக வந்தது. அதைப் பார்த்து ஹோட்டல்காரர்கள் மெச்சினார்கள் என்று சொல்ல ஆசைதான். மெச்சவில்லை. அதில் ஒருத்தர் காதைப் பொத்திக்கொண்டார்.

கஞ்சி என் பக்கத்தில் வந்து, அவர்களுக்குக் கேட்காதபடி, "நிறுத்துங்க" என்றான்.

"முடியாது தம்பி."

"நான் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"இருக்கு. இந்த விரிப்பு உள்ள போயிட்டிருக்கு. இது முடியட்டும், நானே போறேன்."

பாட்டை முடித்தேன். கையுறையைக் கழற்றி ரோலர் மேடையில் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் அழுக்கறைக்குப் போனேன். காலை இழுத்துக்கொண்டு போகவில்லை. வேகமாகவே போனேன், மூஞ்சியை யாரும் பார்த்துவிடக் கூடாது என்று.

நாற்றம் மாறவில்லை. முதல் மூட்டையைக் கொட்டிவிட்டு, சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்போதுதான் ஒன்று உறைத்தது. கஞ்சி எல்லா இடத்திலும் ஸ்பீக்கர் மாட்டினான், இங்கே மாட்டவில்லை. இங்கே நிற்கிறவனுக்கு எதற்கு என்று விட்டிருக்கிறான். சோப்புத்தூள் வந்த காலித் தகர டப்பா ஒன்று மூலையில் கிடந்தது. போனை அதற்குள் போட்டு வைத்தேன். தகரம் சத்தத்தை வாங்கி இரண்டு மடங்காக்கி வெளியே விட்டது.

அதன்பின் மச்சினி ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அது அவள் தள்ள வேண்டிய வண்டியே இல்லை.

"புதுசா என்ன மாமா?"

"உனக்குத்தான் என் பாட்டுப் பிடிக்காதே."

"பிடிக்காதுதான். பிடிக்கலன்னு சொல்றதுக்காவது கேக்க வேணாமா?"

மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு பாட்டு முழுக்கக் கேட்டுவிட்டு, குப்பை என்று சொல்லிவிட்டுப் போனாள். பிறகு நெட்டச்சி வந்தாள், சாயம் போன துண்டைத் தேடுகிற சாக்கில். ரோலரில் எனக்குப் பதில் நின்றவனும் வந்தான், கையில் கொப்புளத்தோடு. ஆளில்லாத ரோலர் அங்கே சும்மா சுற்றிக்கொண்டிருந்திருக்கிறது.

அடுத்த வெள்ளிக்கிழமை கஞ்சியே வந்தான். வாசலைத் தாண்டி உள்ளே வரவில்லை.

"ஐயா, திங்கக்கிழமைல இருந்து ரோலருக்கு வந்துடுங்க."

"பாட்டு?"

"மேல ஓடுறது ஓடட்டும். நீங்க பாடக் கூடாது, பொட்டியும் கூடாது. அவ்வளவுதான். உங்க வயசுக்கு இங்க நிக்கலாமா? எனக்கே கஷ்டமா இருக்கு."

கஷ்டமாக இருந்திருக்கலாம். முடிச்சு விழுந்த விரிப்புகளும் கஷ்டப்படுத்தியிருக்கலாம். நான் யோசித்தேன், இல்லையென்று சொல்ல மாட்டேன். ரோலர் வாயில் நிற்பது எனக்கு என்னவென்று எனக்குத்தான் தெரியும். ஆவி முகத்தில் அடிக்கும்போது வருகிற அந்தச் சோப்பு வாசனை, இங்கே நினைத்தாலும் வராது.

"பாட்டோட கூப்பிடு, வர்றேன். பாட்டு இல்லாம அந்த எடம் எனக்கு வேணாம்."

"ஒரு பாட்டுக்காகவா ஐயா? அதுவும் யாரு பாடுறாங்கன்னே உங்களுக்குத் தெரியாத பாட்டு?"

"தெரிஞ்சவன் பாடினா நான் எதுக்குடா கேக்கணும்?"

டா என்று வந்துவிட்டது. அவன் டப்பாவை ஒரு தடவை பார்த்தான். அதைப் பிடுங்க அவன் இந்த மூட்டைகளை மிதித்துக்கொண்டு உள்ளே வர வேண்டும். அவன் பாலிஷ் போட்ட ஷூவைப் பார்த்தான், நானும் அதைப் பார்த்தேன். திரும்பிப் போய்விட்டான்.

திங்கட்கிழமை நான் ரோலருக்குப் போகவில்லை. இன்றைக்கும் இங்கேதான் இருக்கிறேன், நாற்றத்தைத் திட்டிக்கொண்டு. கூப்பிடுகிற விதமாகக் கூப்பிட்டால் போவேன், இல்லாவிட்டால் இல்லை.

அந்த வெள்ளிக்கிழமை அவன் போனதும் அடுத்த மூட்டையை அவிழ்த்துக் கொட்டினேன். ஈரக் கையை வேட்டியில் துடைத்துவிட்டு, போனை எடுத்து அடிமட்டத்துக்குத் தள்ளினேன். வெறும் கதவுப் படம் போட்ட ஒன்று கிடந்தது. கேட்டவர் எண்ணிக்கைக்கு நேராக ஒரு பெரிய சைபர். டப்பாவுக்குள் போட்டு, அழுக்கறைக் கதவை அகலத் திறந்து வைத்தேன்.