லூசியாவின் இடது மூக்கு

பேசாலையில கருவாடு எடுக்க வாற முதலாளிமார் முதல் தேடுறது என்ர மனுசி லூசியாவைத்தான். ஒரு துண்டை மூக்கடியில பிடிச்சாளெண்டால் போதும். "இதுக்கு இன்னொரு வெயில் வேணும், மூட்டை கட்டாதேங்கோ" எண்டுவாள். அதுக்கு மறுபேச்சில்லை. நான் ஒளிச்சுப் பீடி பத்தினாலும் அந்த மூக்குக்குத் தப்பேலாது. இருபத்தாறு வருசமாய் ஏச்சு வாங்குறன்.

அந்த மூக்கில வலப்பக்கம் மணம் போச்சுது. பிறகு தலையிடி. கொழும்பில ஆஸ்பத்திரியொண்டில படம் எடுத்துப் பார்த்தால், மூக்குக்கு நேர மேல, மண்டையோட்டின்ர அடியில ஒரு கட்டி. மெனின்ஜியோமாவாம்.

"கெட்ட கட்டி மாதிரித் தெரியேல்லை. ஆனால் வளருது, எடுக்கத்தான் வேணும்" எண்டு டொக்டர் சுவேதினி சொன்னா. "ரெண்டு வழியிருக்கு ஐயா. மூக்குக்குள்ளால போகலாம். முகத்தில வெட்டில்லை, தலையைத் திறக்கத் தேவையில்லை. ஆனால் மணக்கிற நரம்புகள் அந்த வழியிலதான் கிடக்கு, மிச்ச மணமும் போயிடும். மற்றது, தலைமயிருக்குள்ள வெட்டி, எலும்பைத் திறந்து மேலால போறது. அதில இடப்பக்க நரம்பைக் காப்பாத்தப் பார்க்கலாம், ஆனால் உறுதி தரேலாது. இடப்பக்கமும் மணக்கேல்லையெண்டால் மூக்கு வழிதான் நல்லம்."

தலையைத் திறக்கிறதெண்டதோட எனக்குக் கண்ணீர் வந்திட்டுது. எத்தினை புயலுக்குள்ள வள்ளம் ஓட்டின பெனடிக்ற் நான், அந்தக் கதிரையில இருந்து விம்மி விம்மி அழுதனான். லூசியா என்னைப் பார்த்தாள்.

டொக்டர் அவளைக் கண்ணை மூடச் சொல்லி, ஒரு பக்க மூக்கைப் பொத்தி மற்றப் பக்கத்தில கோப்பித்தூளைப் பிடிச்சா. வலப்பக்கம் மணக்கேல்லையெண்டாள். இடப்பக்கமும் மணக்கேல்லையெண்டாள்.

"அப்ப மூக்கு வழியாலயே செய்வம்" எண்டா டொக்டர். அப்பாடா! எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

வெளியில போய் ஒரு பீடி பத்தினன். வாயைக் கொப்பளிச்சு ரெண்டு கராம்பும் சப்பிப்போட்டுத்தான் வந்தனான். டொக்டரின்ர அறைக்கு வெளியில லூசியா இருந்த வாங்கில குந்தக்கூட இல்லை.

"பத்தினனீங்களோ? கராம்பு போட்டால் எனக்குத் தெரியாதோ?"

"ஒண்டே ஒண்டுதான்..." எண்டு இழுத்தனான். பிறகுதான் உறைச்சுது. "அடியே! உனக்கு மணக்குது!"

லூசியா வாயைப் பொத்தினாள். கெட்டிக்காரன்ர புளுகு எட்டு நாளைக்கு எண்டுவினம். என்ர மனுசியின்ர புளுகு பத்து நிமிசம் நிக்கேல்லை.

"கோப்பியும் மணந்ததோ?"

"ஓம்."

"பிறகேன் பொய் சொன்னனீ, விசரி?"

"நீங்கள் அழுததைப் பார்க்க ஏலாமப் போச்சுது" எண்டாள். "மூக்குத்தானே, போனால் போகட்டும்."

எனக்கு வந்த கோபத்தில அவளின்ர கையைப் பிடிச்சு உள்ளுக்க இழுத்துக்கொண்டு போனன். "டொக்டர், இவ பொய் சொன்னவ. நான் பத்தின பீடியை மணந்து கண்டுபிடிச்சிட்டா. மேலால செய்யுங்கோ." பயந்தான், இல்லையெண்டேல்லை. ஆனால் மணம் தெரியாமல் இவள் கருவாட்டுக்கு நடுவில என்னெண்டு இருப்பாள்? என்ர பயத்துக்காக அவளின்ர மூக்கைப் பறிகுடுக்கிறதோ?

"அம்மா, நீங்கள்தான் முடிவு சொல்லவேணும்" எண்டா டொக்டர்.

லூசியா என்ர பிடியிலயிருந்து கையை எடுத்தாள். "மேலாலயே செய்யுங்கோ. இந்த மனுசனை மட்டும் அழவேண்டாமெண்டு சொல்லுங்கோ."

அண்டைக்கே மடு மாதாவுக்கு நேர்ந்து பீடிக்கட்டைக் குப்பையில போட்டன். லூசியாவுக்குச் சொல்லேல்லை. சொன்னால் நம்பவும் மாட்டாள்.

ஒப்பரேசன் ஆறு மணித்தியாலம். கட்டி முழுக்க வந்திட்டுதாம். மணத்தைப் பற்றிக் கேட்டால், "பொறுத்துத்தான் பார்க்கவேணும்" எண்டினம்.

ஒப்பரேசன் முடிஞ்ச நாலாம் நாள் குளிச்சு, தோய்ச்ச சட்டை போட்டு வாட்டுக்குப் போனன். லூசியாவுக்குத் தலையில கட்டு, வீங்கின கண். தலையணையைச் சரிசெய்யக் குனிஞ்சன். என்ர சட்டைக் கழுத்தை மணந்தாள். திரும்பவும் மணந்தாள். கண் நிறைஞ்சிட்டுது.

"போச்சுது, இஞ்சாருங்கோ. என்ர மூக்குப் போச்சுது."

"ஆர் சொன்னது?" எண்டன்.

"உங்களில பீடி மணக்கேல்லை" எண்டு விம்மினாள். "வெறும் சவர்க்காரம்தான் மணக்குது."

நான் கட்டில் சட்டத்தைப் பிடிச்சுக்கொண்டு சிரிச்சன், பிறகு அழுதன். "அடி விசரி! நான் பீடியை விட்டு ஒன்பது நாளாச்சு!"

அவளுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. "நான் இருபத்தாறு வருசம் ஏசியும் விடாத மனுசன்" எண்டு சொல்லிக்கொண்டு, என்ர சட்டைக் கழுத்தை இன்னொருக்கா இழுத்து மணந்து பார்த்தாள்.