ஒரு ஸ்பிளிட் பின் மிச்சம்

கவரப்பேட்டை ரோட்டோரத்தில் கூட்டாக ஒர்க்ஷாப் போட்டிருந்த அருணாச்சலமும் சாலமோனும் ஒரே வயலில் கூலிக்கு நாற்று நட்டு வளர்ந்தவர்கள்தான். ஆனால் குணத்தில் ஒருவருக்கொருவர் ஏணி வைத்தாலும் எட்டாது. அருணாச்சலம் பேச்சில் கெட்டிக்காரன். சாலமோன் ஒரு நட்டை முடுக்கிவிட்டு, முடுக்கினோமா என்று மூன்று தரம் தொட்டுப் பார்க்கிறவன். இவனைக் கட்டிக்கொண்டு என்றைக்கு உருப்படுவது என்று அருணாச்சலம் வீட்டில் புலம்பாத நாள் கிடையாது.

எழுபத்து நாலாம் வருஷம். கும்மிடிப்பூண்டியில் புதிதாக வந்த ஒரு தொழிற்சாலை, ஆட்களை ஏற்றிப்போக மூன்று பஸ் வைத்திருந்தது. அருணாச்சலம் பத்து நடை நடந்து, சூபர்வைசர் ராமபத்ரனின் காலைப் பிடிக்காத குறையாகக் கெஞ்சி, ஒரு பஸ்ஸை வேலைக்கு வாங்கி வந்தான். அந்த வேலை பிடித்திருந்தால் மற்ற இரண்டும் வரும். அப்புறம் வருஷம் முழுக்க வயிற்றுக்குக் கவலையில்லை.

முன்சக்கரம் இரண்டையும் கழற்றி, பேரிங்குக்கு கிரீஸ் வைத்து மாட்டினார்கள். வலது சக்கரம் சாலமோன், இடது அருணாச்சலம். மறுநாள் காலை டிரைவர் வரதன் வந்து பஸ்ஸை எடுத்தான். வேலை எப்படி என்று பார்க்க ராமபத்ரனும் கூடவே ஏறிக்கொண்டார்.

பஸ் போய்க் கால் மணி நேரம் இருக்கும். கீழே விரித்திருந்த கோணியைச் சாலமோன் உதறினான். அதிலிருந்து புத்தம்புது ஸ்பிளிட் பின் ஒன்று விழுந்தது. சக்கரத்தைப் பிடித்திருக்கும் நட்டு கழன்றுவிடாமல் குறுக்கே செருகி மடக்குகிற கம்பி அது. கடையில் கேட்டு வாங்கியது இரண்டே இரண்டு.

"நான் போட்டுட்டேன். நீ?"

"நானுந்தான் போட்டேன்."

"மடக்கினது ஞாபகம் கீதா?"

அருணாச்சலம் யோசித்தான். மடக்கியதாகத்தான் இருந்தது. சத்தியம் பண்ணு என்றால் நாக்கு எழாது. "சும்மா பேஜார் பண்ணாதப்பா. பாதி வழில போய் நிறுத்தினா அந்த சூபர்வைசர் ஐயங்காரு நம்மள திரும்பிப் பாப்பாரா?"

சாலமோன் அதற்குள் ரோட்டுக்கு வந்துவிட்டான். ரிப்பேருக்கு வந்த மோட்டார் சைக்கிள் ஒன்று வாசலில் நின்றது. அடுத்தவன் வண்டி என்று அதைத் தொடாமல், நெல்லூர்ப் பக்கம் போன லாரியைக் கைகாட்டி ஏறினான். அருணாச்சலமும் திட்டிக்கொண்டே தொற்றிக்கொண்டான்.

ஊருக்கு ஊர் நின்று ஆளேற்றிப் போன பஸ்ஸை லாரி நாலாவது மைலில் பிடித்தது. சாலமோன் குதித்து, நடுரோட்டில் கையை விரித்து பஸ்ஸை மறித்தான்.

"எல்லாரும் எறங்குங்க. சக்கரத்துல பின்னு போடாம வுட்டுட்டமோன்னு சந்தேகமா கீது. பாத்துட்டு அனுப்பறேன்."

நாற்பது பேர் காதிலும் விழும்படிதான் சொன்னான். அருணாச்சலத்துக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

"லேட்டா போனா கேட்டை சாத்திடுவானே, உனுக்கு இப்பத்தான் சந்தேகம் வந்துச்சா?" என்று வைதுகொண்டே இறங்கினாள் கங்கம்மா என்ற தொழிலாளி.

சாலமோன் மண்ணில் மண்டியிட்டு, இடது சக்கரத்தின் மூடியைத் தட்டிக் கழற்றி, கிரீஸை விரலால் வழித்தான். பின் இருந்தது. இரண்டு காலும் ஒழுங்காக மடங்கியிருந்தது. வலது சக்கரத்திலும் இருந்தது. கடைக்காரன் இரண்டுக்கு மூன்றாகப் பொட்டலம் கட்டியிருக்கிறான், அவ்வளவுதான்.

"ஒண்ணுமில்லாததுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம்?" என்றார் ராமபத்ரன். "போட்டது உங்களுக்கே ஞாபகமில்லேன்னா எப்படி ஐயா? மத்த ரெண்டு பஸ்ஸையும் நான் வேற எடத்துல பாத்துக்கறேன்."

அருணாச்சலம் சாலமோனைப் பார்த்தான். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகிறது, அவனோ சிரித்துக்கொண்டிருந்தான். கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு வழிந்தது. "போட்டுக்கீறடா, கரெக்டா போட்டுக்கீற," என்று கிரீஸ் கையாலேயே அருணாச்சலத்தின் தோளை உலுக்கினான். இப்படிப்பட்ட மனுஷனோடா எட்டு வருஷமாக ஒரே தூக்கில் சோறு தின்றோம் என்று அருணாச்சலத்துக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. பெரியபாளையத்தாள் சந்நிதியில்கூட அவனுக்கு அப்படி ஆனதில்லை.

சாலமோன் மூடிகளைத் திரும்பத் தட்டி மாட்டியதும் வரதன் ஹாரன் அடித்தான். ஒருவரும் ஏறவில்லை. எல்லாரும் அந்தச் சக்கரத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"அது இல்லாங்காட்டி இன்னா ஆயிருக்கும்?" என்று கேட்டாள் கங்கம்மா. இப்போது குரலில் சூடு இல்லை.

"ஓட ஓட நட்டு கழண்டுக்கும். சக்கரம் தனியா பூடும்மா," என்றான் சாலமோன்.

"இப்ப ஏறலாமா?"

"ஏறலாம்."

அவள் ராமபத்ரன் பக்கம் திரும்பினாள். "மத்த ரெண்டு பஸ்லயும் எங்க ஊரு சனந்தான் சார் வருது. இப்டி தொரத்திக்கினு ஓடியார ஆளாண்டயே காட்டுங்க."

சொல்லிவிட்டு ஏறிப்போய், இடது முன்சக்கரத்துக்கு நேர் மேலே இருந்த சீட்டில் சோற்றுத் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மற்றவர்களும் ஏறினார்கள்.

ராமபத்ரன் படியில் ஒரு காலை வைத்துத் திரும்பினார். "நாளைக்குக் காலம்பற ரெண்டாவது பஸ் வரும்," என்று சாலமோனிடம் சொன்னார். பிறகு உள்ளே போய்க் கங்கம்மாவுக்கு அடுத்த சீட்டில் உட்கார்ந்துகொண்டார்.