வெள்ளிக்கிழமைக் கை

வெள்ளிக்கிழமைகளில் மட்டும் விஸ்வலிங்கத்தின் கை சொன்னபடி கேட்டது. மற்ற நாள்களில் விரல்கள் விறைத்துக் கிடக்கும். கேரம் ஸ்ட்ரைக்கரைச் சுண்டினால் பாதிப் பலகையிலேயே நின்றுவிடும். பார்க்கின்சன் நோய்க்கு அவர் போடும் மாத்திரை என்னவோ எல்லா நாளும் ஒன்றுதான்.

"சனிக்கிழமை போட்டிக்குப் புக்கிட் மெர்தாஜாம் ஊர்க்காரனுங்க வரானுங்க அண்ணே," என்றான் அவருடைய ஆட்ட ஜோடி அய்யாக்கண்ணு. "கை வரலன்னா உங்களுக்குப் பதிலா அலாவுதீனத்தான் இறக்கணும் லா. கோவிச்சுக்காதீங்க."

"வியாழக்கிழமை வந்து பார். பிறகு சொல்லு."

மனைவி தவமணிக்குச் சந்தேகமே இல்லை. "வெள்ளி விரதத்துக்கு முருகன் இரங்கிறார். இஞ்சருங்கோ, சனியும் விரதம் பிடியுங்கோவன்."

முருகன் மற்ற நாள்களில் லீவு எடுப்பாரா என்று விஸ்வலிங்கம் யோசித்தார். விரத நாளில் இல்லாதது எது? மருந்து வயிற்றைச் சுடும் என்று ஒவ்வொரு மாத்திரையோடும் தவமணி ஒரு பெரிய கிளாஸ் பால் கொடுப்பாள். குடித்து முடிக்கும்வரை நகரமாட்டாள். வெள்ளியன்று மாலைப் பூசை வரை வெறும் தண்ணீர்தான்.

மறுநாளே டாக்டரிடம் போய்ப் பாலைப் பற்றிக் கேட்டார். டாக்டர் ஆமென்று தலையசைத்தார். பாலிலுள்ள புரதமும் இந்த மருந்தும் உடம்புக்குள் நுழைய ஒரே கதவில்தான் முட்டி மோதுகின்றன. மாத்திரையைச் சாப்பாட்டுக்கு அரைமணி முன்னால், தண்ணீரோடு போட வேண்டும். பால் பிறகு. வயிற்றைப் புரட்டினால் ஒரு க்ரீம் கிரேக்கர் பிஸ்கட் கடிக்கலாம்.

"வெறும் வயித்திலயோ? அந்த டொக்டர் ஆரின்ட பிள்ளை?" என்றாள் தவமணி.

"உம்மட பாலில ஒரு குறையுமில்லை. கொஞ்சம் வரிசையில நிக்கட்டும்."

வியாழக்கிழமை மாலை அய்யாக்கண்ணு பலகைக்கு எதிரே உட்கார்ந்து பார்த்தான். மூன்று காய்கள் அடுத்தடுத்துக் குழியில் விழுந்தன. அவன் பவுடர் டப்பாவை அவர் பக்கம் தள்ளிவைத்தான். அலாவுதீன் பேச்சு அதோடு முடிந்தது.

சனிக்கிழமை ஆட்டத்தில் கை நடுங்காமலில்லை. ஸ்ட்ரைக்கரை வைக்கும்போது லேசாக நடுங்கியது. சுண்டும் கணத்தில் விரல் இளக, ஸ்ட்ரைக்கர் நேராகப் பாய்ந்தது. முதல் ஆட்டம் அவர்களுடையது.

எதிராளி பவுடரைத் துடைத்துக்கொண்டு கேட்டான், "அண்ணனுக்கு ஒடம்பு சரியில்லன்னாங்களே?"

"சரியில்லதான்," என்றான் அய்யாக்கண்ணு. "அதான் உங்கள இவ்வளவு நேரம் ஆட விட்டாரு."

விஸ்வலிங்கம் சிரிக்கவில்லை. சிவப்புக் காய் எந்தக் குழிக்குப் போகும் என்று கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார்.