எருமைக்கு மாற்றிய பேட்டரி

ஓரகத்திகள் இருவர் ஒரே வீட்டில் ஒற்றுமையாக இருந்தால் பார்க்கிறவர்களுக்கு நம்பிக்கை வராது. ஏதோ உள்ளுக்குள் இருக்கிறது என்றுதான் சொல்வார்கள். இந்த வீட்டில் அப்படி ஒன்றும் இல்லை. கீழ்வீட்டில் மூத்தவள், மேல்வீட்டில் இளையவள். அண்ணனும் தம்பியும்தான் தண்ணீர் மோட்டாரை யார் போடுவது என்று மாதம் ஒருமுறை முறைத்துக்கொள்வார்கள். அவர்கள் கட்டிக்கொண்டு வந்தவர்களைச் சேர்த்துவைத்தது சத்தம்.

மூத்தவளுக்குச் சத்தம் போடும் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் தொழில். கீபோர்டு, திருகுகளைத் திருப்பி மின்சாரத்தில் ஒலி உண்டாக்கும் சிந்தசைசர், கிதார்க்காரர்கள் காலால் மிதித்து ஒலியை மாற்றும் பெடல்கள், எல்லாம் அவள் கடை மேசைக்கு வரும். இளையவள் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் வேலை பார்த்தாள். அது வயிற்றுக்கு. உயிருக்கு அவள் செய்தது சத்தம். பாட்டா என்று கேட்டால் "பாட்டெல்லாம் இல்லைங்க, வெறும் சத்தம்தான்" என்று அவளே சொல்லிவிடுவாள். கேட்டவருக்கு அதற்குமேல் என்ன கேட்பதென்று தெரியாது.

அவளிடம் உள்ளங்கை அகலத்தில் புது சிந்தசைசர் ஒன்றும் இருந்தது. ஆனால் அவள் ஆசையெல்லாம் எருமை மேல். எருமை என்பது நாற்பது வயதான பழைய சிந்தசைசர். இரண்டு பேர் பிடித்தால்தான் நகரும். சுவிட்சைப் போட்டுப் பத்து நிமிடம் சூடேறினால்தான் சுருதியில் நிற்கும். அதுவரை திட்டினாலும் கெஞ்சினாலும் ஒன்றுதான். அதனால் அந்தப் பெயர். எருமைக்குள் முப்பத்திரண்டு அறைகள். திருகுகளைத் திருப்பித் திருப்பி ஒரு சத்தத்தைக் கண்டுபிடித்தால், ஒரு பொத்தானை அழுத்தி அதை ஓர் அறையில் வைத்துக்கொள்ளலாம். நான்கு வருடமாக, விடியற்காலை நாலரைக்கு எழுந்து, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, வேலைக்குப் போகும் நேரம்வரை அவள் அந்த அறைகளை நிரப்பினாள். 'ஈரத்துண்டு' என்று ஒரு சத்தம். 'தூங்கும் ஃபிரிட்ஜ்' என்று ஒன்று. 'மாமனார் செருப்பு' என்றுகூட ஒன்று இருந்தது, அது மாமனாருக்குத் தெரியாது. எந்தத் திருகு எங்கே நின்றது என்று ஒரு வரிகூட எழுதிவைத்ததில்லை.

அவள் ஹெட்போனோடு உட்கார்ந்துவிடுவதால் புருஷனை எழுப்ப ஆளில்லை. மூத்தவளின் கொழுந்தனான அந்தப் புண்ணியவான் ஐந்தரைக்குத் தன் போனில் ஓர் அலாரம் வைத்திருந்தான். இளையவள் எப்போதோ செய்த கிறீச்சொலி அது, தகரத்தை ரம்பத்தால் அறுக்கிற மாதிரி. இரண்டு வருடமாகத் தினமும் அது அடிக்கும். கீழ்வீட்டில் மூத்தவள் எழுந்துவிடுவாள். வைத்தவன் எழ மாட்டான்.

இளையவள் நிகழ்ச்சி நடத்த இடம் கேட்டு மூன்று முறை விண்ணப்பித்து மூன்று முறையும் இல்லையென்று வாங்கிக்கட்டிக்கொண்ட அரங்கத்தில், நான்காவது முறை சரியென்றார்கள். சனிக்கிழமை மாலை, இருபது நிமிடம், அவள் தனியாக. அந்த வாரச் செவ்வாய்க்கிழமை எருமையில் ஒரு கட்டை ஒட்டிக்கொண்டது. ஆளைப் பிடித்து அதை மூத்தவளின் கடைக்கு அனுப்பிவிட்டு, "பாத்துக்குங்க அக்கா" என்று ஒரு வார்த்தைதான் சொன்னாள்.

கட்டையைச் சரிசெய்யக் கால்மணி நேரம்கூட ஆகவில்லை. மூடியை மூடப்போகும்போதுதான் மூத்தவளின் கண் உள்ளே இருந்த பேட்டரி மேல் போனது. காசு அகலத்தில் ஒரு சின்னப் பேட்டரி. மின்சாரம் இல்லாதபோதும் அறைகளில் வைத்த சத்தங்களை நினைவில் வைத்திருப்பது அதுதான். அளந்து பார்த்தாள், சாகிற நிலையில் இருந்தது. கழற்றிவிட்டுப் புதியதை வைத்தாள். மூடியை மூடி, சுவிட்சைப் போட்டு, முதல் அறையை அழுத்தினாள்.

கொர்ரென்றது. இரண்டாம் அறையும் கொர்ரென்றது. மூன்றாவதில் ஏதோ முனகல். இருபதுக்கு மேல் பல அறைகளில் சத்தமே இல்லை. ஒவ்வொரு அறைக்கும் ஒரு கட்டையைத் தட்டிப் பார்த்தாள். ஈரத்துண்டு இல்லை, ஃபிரிட்ஜ் இல்லை, மாமனார் செருப்பும் இல்லை.

மூத்தவள் நிமிர்ந்து பார்த்தாள். கடைச்சுவரில் அவள் கையாலேயே எழுதி ஒட்டிய காகிதம் எதிரே இருந்தது: 'முதலில் டேப். பிறகு பேட்டரி.' எந்த வாடிக்கையாளர் பெட்டி வந்தாலும், அறைகளில் இருப்பதையெல்லாம் கேசட்டில் எடுத்துவைத்துக்கொண்டுதான் பேட்டரியில் கை வைப்பாள். பதினாறு வருடத்தில் ஒருமுறை தவறியதில்லை. இது நம்ம வீட்டு மெஷின்தானே என்று கை தானாகப் போய்விட்டது. தன் வீட்டு விளக்கென்று முத்தமிட்டால் சுடாமல் விடுமா?

கழற்றிய பழைய பேட்டரியை எடுத்துப் பார்த்தாள். அப்புறம் புத்தி வேறு வேலை பார்க்கத் தொடங்கியது. பேட்டரி எப்படியும் சாகப்போகிறதுதானே. தானாகச் செத்தது என்று சொன்னால் யாருக்குத் தெரியும்? எருமையை வண்டியில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அந்த வாக்கியத்தை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருந்தது.

அறைகளில் ஒரு சத்தமும் இல்லையென்று கேட்டதும் இளையவளின் முகம் வெளுத்துப்போனது. ஆனால் வாயிலிருந்து வந்தது இதுதான்:

"பேட்டரி போயிருக்கும் அக்கா. நீங்க போன வருஷமே மாத்தணும்னு சொன்னீங்க. நான்தான் சோம்பேறித்தனமா விட்டுட்டேன்."

பொய்யை அவளே தட்டில் வைத்து நீட்டினாள். மூத்தவள் தலையை ஆட்டினால் போதும். ஆட்டத்தான் நினைத்தாள். அந்தப் பெண் தன்னையே நொந்துகொண்டு நிற்பதைப் பார்த்ததும் முடியவில்லை.

"பேட்டரி உயிரோடதான் இருந்துச்சு. நான்தான் கழட்டினேன். டேப்ல எடுக்காம கழட்டினேன். உன் மேல ஒரு தப்பும் இல்ல."

இளையவள் திரும்பிக்கொண்டாள். உள்ளே போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த பாத்திரங்களை எடுத்து மறுபடி கழுவினாள். திட்டியிருந்தால் மூத்தவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பத்து நிமிடம் கழித்துக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"ஊருக்கெல்லாம் சொல்லுவீங்களே அக்கா. முதல்ல டேப், முதல்ல டேப்னு."

"ஊருக்குத்தான் சொன்னேன்."

"சரி, இப்ப என்ன பண்றது?"

"நீ எப்பவாவது டேப்ல எடுத்திருக்கியா? ஒரு தடவையாவது?"

எடுத்திருந்தாள். அதாவது எடுத்தமாதிரி. இரண்டு வருடம் முன்பு மூத்தவள்தான் சொல்லிக்கொடுத்தாள். அறைகளில் இருப்பதை எருமை ஒரு கிறீச்சொலியாக மாற்றி வெளியே அனுப்பும். அதைப் பதிந்து வைத்து, திரும்ப எருமைக்கே போட்டுக் காட்டினால், கிறீச்சொலி மறுபடி முப்பத்திரண்டு சத்தங்களாகிவிடும். ஆனால் இளையவளுக்கு அந்தக் கிறீச்சொலியே பிடித்துப்போய்விட்டது. பத்திரப்படுத்துவதை மறந்துவிட்டு, அதை மூன்று பெடல்களுக்குள் விட்டு, எதிரொலி சேர்த்து, நொறுக்கி, இழுத்து, 'கரப்பான்' என்று தலைப்பு வைத்து நண்பர்களுக்கெல்லாம் அனுப்பினாள். ஒருவரும் பதில் போடவில்லை. மூலம் இருந்த லேப்டாப் போன வருடம் போய்ச் சேர்ந்தது. கரப்பான் மட்டும் மிச்சம்.

எருமையை மாடிக்கு ஏற்றி, கரப்பானை அதற்குப் போட்டுப் பார்த்தார்கள். எருமை பிழை என்று காட்டியது. ஒன்பது தடவை போட்டார்கள், ஒன்பது தடவையும் பிழைதான். ஒரு சொல் மூன்று எதிரொலியோடு வந்தால் மனிதனுக்கே புரியாது, பாவம் அது என்ன செய்யும்? "போதும் அக்கா, போய்ப் படுங்க" என்றாள் இளையவள். குரலில் கோபம் இருந்தது. அது நியாயமும்கூட.

மறுநாள் ஐந்தரைக்கு வழக்கம்போல் மாடியில் தகரம் அறுபடத் தொடங்கியது. மூத்தவள் வழக்கம்போல் தலையணையைக் காதில் அமுக்கினாள். அமுக்கிய கை நின்றது. நேற்று ஒன்பது தடவை கேட்ட கரப்பான்தான் இது. ஆனால் எதிரொலி எங்கே? நொறுங்கல் எங்கே? பெடல் படாமல், பச்சையாக, சுத்தமாக அடித்துக்கொண்டிருந்தது.

நைட்டியோடு படியேறி ஓடினாள். கதவைத் தட்டின தட்டில் இளையவள் ஹெட்போனையும் மீறிக் கேட்டு வந்து திறந்தாள். கொழுந்தன் ஒருக்களித்துக் கிடந்தான், போன் அவன் காதருகே அலறியது.

"இவருக்கு இது எப்படி வந்துச்சு?"

இளையவள் வாயைப் பிளந்தாள். "முதல் நாள் ஆசையா அனுப்பினேன் அக்கா... பெடல்ல விடறதுக்கு முன்னாடி. இதையா அலாரமா வெச்சிருக்கார்?"

"ரெண்டு வருஷமா! கீழ இருக்கற என்னைக் கேளு, சொல்றேன்."

கொழுந்தன் அப்போதுதான் ஒரு கண்ணைத் திறந்தான். "என்ன அண்ணி, வீடு தீப்பிடிச்சுடுச்சா?"

"நீங்க தூங்குங்க. போனை மட்டும் கொடுங்க."

போனிலிருந்து எருமைக்கு ஒயரைச் செருகினார்கள். மூத்தவள் பொத்தானை அழுத்தப் போனாள். இளையவள் அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"நில்லுங்க அக்கா. இப்ப உள்ள இருக்கறத முதல்ல டேப்ல எடுங்க."

"இப்ப உள்ள இருக்கறது குப்பைடீ. பேட்டரி மாத்தினப்போ விழுந்த குப்பை."

"இருக்கட்டும். முதல்ல டேப்னு சுவத்துல எழுதினது யாரு?"

மூத்தவள் தன் கேசட் ரெக்கார்டரைக் கொண்டுவந்து செருகினாள். குப்பையைக் கேசட்டில் எடுத்தாள். இளையவள் ஹெட்போனை மாட்டிக்கொண்டு அறை அறையாக அழுத்திக் கேட்டாள். அதற்குள் மூத்தவள் கீழே போய்த் தேநீர் போட்டு எடுத்துவந்தாள். பிறகு கிறீச்சொலியை விட்டார்கள். முதல் தடவை பிழை. மூத்தவள் போனின் ஒலியைக் கொஞ்சம் குறைத்தாள், மறுபடி பிழை. இசையை மெருகேற்றுகிறேன் பேர்வழி என்று போனுக்குள் ஏதோ ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. அதை அணைத்தாள். மூன்றாம் தடவை எருமையின் சின்னத் திரையில் எண்கள் ஒவ்வொன்றாக ஏறின. ஒன்று, இரண்டு, மூன்று. முப்பத்திரண்டு வந்ததும் இளையவள் முதல் அறையை அழுத்தினாள். ஈரத்துண்டு வந்தது. இருவரும் சிரித்த சிரிப்பில் கொழுந்தன் நிஜமாகவே எழுந்துவிட்டான்.

முழுதாகத் திரும்பவில்லை. அது இரண்டு வருடம் பழைய பதிவு. அன்றைக்கு எருமைக்குள் இருந்தவை பதினெட்டுச் சத்தங்கள்தான். பின்னால் செய்த பதினான்கு போனது போனதுதான். மூத்தவள் கடைக்கதவில் 'சனிக்கிழமைவரை விடுமுறை' என்று எழுதித் தொங்கவிட்டாள். மூன்று நாளும் இருவரும் எருமை முன் உட்கார்ந்தார்கள். இளையவள் கண்ணை மூடிக்கொண்டு "இன்னும் கொஞ்சம் மொத்தமா, நனைஞ்ச மாதிரி" என்பாள். எந்தத் திருகு அந்த நனைவைக் கொண்டுவரும் என்று மூத்தவளுக்குத் தெரியும். ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதினாள். வெள்ளிக்கிழமை மாலைக்குள் பதின்மூன்று தேறியது. கடைசிச் சத்தம், நிகழ்ச்சி வந்து முடியவேண்டிய சத்தம், எத்தனை முட்டியும் வரவில்லை.

"அதை நான் பாத்துக்கறேன் அக்கா," என்றாள் இளையவள். எப்படியென்று மூத்தவள் கேட்கவில்லை. கேட்கும் உரிமை தனக்கு இல்லையென்று நினைத்தாள்.

சனிக்கிழமை அரங்கத்தில் பாதி நாற்காலிகள் நிறைந்திருந்தன. எருமை மேடையில் சூடேறி நின்றது. மூத்தவள் மூன்றாம் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். கைப்பையில் ஸ்குரூடிரைவர், டார்ச், கேசட் ரெக்கார்டர். பதினெட்டு நிமிடம் எல்லாம் நன்றாகவே போனது. மாமனார் செருப்பு வந்தபோது மாமனார் முன்வரிசையில் தலையாட்டி ரசித்தார்.

இளையவள் ஓர் அறை எண்ணை மாற்றினாள். இரண்டு கைகளாலும் கட்டைகளை அழுத்தினாள். சத்தம் வரவில்லை.

மூன்று விநாடி, நான்கு விநாடி. யாரோ இருமினார்கள். மூத்தவளுக்கு ஒன்றுதான் தோன்றியது: எருமை படுத்துவிட்டது, நான் கை வைத்த இடம்தான், என்னால்தான். பையிலிருந்து ஸ்குரூடிரைவரை எடுத்துக்கொண்டு பாதி எழுந்தேவிட்டாள். மேடையில் இளையவள் அசையவில்லை. அழுத்திய விரல்களை எடுக்கவும் இல்லை.

முதலில் பாதத்துக்கு அடியில் தரை லேசாக அதிர்ந்தது. பிறகு நாற்காலிக் கைப்பிடி. அதற்கப்புறம்தான் காதுக்கு வந்தது. மிக மெதுவாக, அடியிலிருந்து எழும்பி, அகன்று, கூரைவரைக்கும் நிறைந்தது. யாரும் இருமவில்லை. மூத்தவள் எழுந்த நிலையிலேயே, கையில் ஸ்குரூடிரைவரோடு, முடியும்வரை நின்றாள். அழுகிறோம் என்பது கன்னத்தைத் துடைத்தபோதுதான் தெரிந்தது.

கைதட்டல் அடங்கி ஜனங்கள் கிளம்பியதும் மேடைக்கு ஏறினாள்.

"கடைசில அது என்ன? எப்ப செஞ்சே?"

"நான் எங்க செஞ்சேன்? உங்க குப்பை அக்கா. இருபத்தேழாம் அறை. டேப்லேருந்து அதை மட்டும் இறக்கினேன்."

"இருபத்தேழு செத்த அறையாச்சே! நான் தட்டிப் பாத்தேனே."

"நீங்க தட்டினீங்க. நான் அழுத்திக் காத்துக்கிட்டிருந்தேன்."

மூத்தவள் ஸ்குரூடிரைவரைப் பையில் போட்டாள். இளையவளின் தோளைப் பிடித்து ஒரு குலுக்குக் குலுக்கினாள். இளையவள் அந்தக் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டாள். நான்கு நாளாக இருந்த கோபம் அவள் முகத்தில் இப்போது இல்லை.

கொழுந்தன் வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு வந்தான். "தூக்கலாமா அண்ணி?" என்று எருமையின் மின்கம்பியைப் பிடுங்கப் போனான்.

"தொடாதீங்க!" என்றாள் மூத்தவள். பையிலிருந்து ரெக்கார்டரை எடுத்துச் செருகினாள். "முதல்ல டேப்."

அரங்கத்தின் ஒலிபெருக்கிகளை யாரும் இன்னும் அணைத்திருக்கவில்லை. பொத்தானை அழுத்தியதும் கிறீச்சொலி அரங்கம் முழுக்க அலறியது, முப்பத்திரண்டு அறைகளும் ஒன்றன்பின் ஒன்றாக. கொழுந்தன் பழக்கதோஷத்தில் கையை நீட்டிப் போனைத் தேடினான். வாசல்வரை போயிருந்த ஏழெட்டுப் பேர் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது என்று திரும்பி வந்து, பழைய இடத்திலேயே உட்கார்ந்தார்கள்.