செடிக்கு அடித்த பச்சை

ஆம்பூரில் ரஷீத் அஹமதுவின் ஷூ கம்பெனி வாசலில் இடுப்புயரத்துக்கு ஒரு பாக்ஸ்வுட் செடி வேலி. தோல் கண்காட்சிக்கு இத்தாலி போன மனுஷன், அங்கே கத்தரித்து வைத்திருந்த செடிகளைப் பார்த்துச் சொக்கிப்போய், பெங்களூர் நர்சரியிலிருந்து வரவழைத்து நட்டது. அவருக்கு அது அழகு. தையல் பிரிவு சம்பூர்ணத்துக்கு அது மறைப்பு. மத்தியானத்தில் பெண்களெல்லாம் அதன் பின்னால்தான் காலை நீட்டி உட்கார்ந்து டிபன் பாக்ஸைத் திறப்பார்கள். ரோட்டில் போகிற லாரிக்காரன் கண்ணில் படாமல் ஒரு வாய் சோறு தின்பதில் இருக்கிற சுகம், கேண்டீன் நெரிசலில் நின்றபடி விழுங்கியவர்களுக்குத்தான் தெரியும்.

அந்த வேலிக்குத்தான் சித்திரையில் கேடு வந்தது. இலையெல்லாம் ஊசி குத்தினாற்போல் வெள்ளைப் புள்ளி. சம்பூர்ணம் சும்மா இருப்பாளா? ஒடுகத்தூரில் அண்ணன் வேர்க்கடலைக்கு அடிக்கிற மருந்தை வாங்கி வந்து அடித்தாள். பத்தே நாளில் வேலி முன்னைவிட மோசமாக வெளுத்தது.

முதலாளி பார்த்துவிட்டார். "திங்கக்கிழமை வரைக்கும் பாக்குறேன். தேறலன்னா புடுங்கிட்டு பைக் ஸ்டாண்டு போட்டுடலாம்" என்றார்.

அன்று ராத்திரி சம்பூர்ணம் புருஷனைப் பிடித்துக்கொண்டாள். தனகோடி அதே கம்பெனியில் தோலுக்குச் சாயம் அடிக்கிறவன்.

"தோல்ல இருக்கிற தழும்பெல்லாம் மறைக்கிற. இதுக்கு ஒரு வழி பண்ணக் கூடாதா?"

அவள் ஆற்றாமையில் சொன்னாள். அவன் வேலையாக எடுத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை ஓவர்டைமுக்குப் போனவன், நல்ல இலை ஒன்றைக் கிள்ளி வைத்து அதே நிறத்துக்குச் சாயம் கலந்து, வேலி முழுக்க அடித்து, மேலே பளபளப்பு வேறு ஏற்றிவிட்டான்.

திங்கட்கிழமை காலையில் வேலி மின்னியது.

"அடப்பாவி மனுஷா, இன்னா வேலை பண்ணிவெச்சிருக்க?" என்றாள் சம்பூர்ணம். திட்டினாலும் வாயெல்லாம் சிரிப்பு.

"கலர் எப்டி? ஒரே ஷேடு" என்றான் அவன், பெருமை தாங்காமல்.

ரஷீத் அஹமது காரை விட்டு இறங்கினார். "மாஷா அல்லாஹ்" என்றபடி கிட்டே வந்தார். நாற்பது வருஷத் தோல்காரர், கை சும்மா இருக்குமா? வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து இலையை அழுத்தித் தேய்த்தார். சாயம் துணியில் ஒட்டவில்லை. தனகோடி நெஞ்சை நிமிர்த்தினான். அத்தோடு விட்டாரா? எந்தத் தோலையும் பின்பக்கம் பார்க்காமல் விடாத ஆள், கிளையையும் திருப்பினார். அங்கே சாயம் படவில்லை. மெல்லிய நூலாம்படை. கீழே கைக்குட்டையை விரித்து ஒரு தட்டு தட்டினார். விழுந்த செந்தூசி துணி மேல் நடந்தது.

"செஞ்சிலந்தி சார். கத்திரிச் செடில வரும்" என்று சம்பூர்ணம் தலையில் அடித்துக்கொண்டாள். தினமும் அதன் பக்கத்தில் உட்கார்ந்து தின்றும் ஒரு இலையைத் திருப்பிப் பார்க்கவில்லையே என்று அவளுக்கு அழுகையே வந்துவிட்டது. "எங்களுக்கு இந்த மறைப்பு வேணும் சார். தெரியாம பண்ணிட்டோம்."

அவர் தனகோடியைப் பார்த்தார். "கலர் பாஸுப்பா. செடிதான் ஃபெயிலு."

நர்சரிக்கு போன் போட்டார். கடலை மருந்து, சிலந்தியைத் தின்னும் நல்ல பூச்சிகளைக் கொன்றுவிட்டதாம். இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்க வேண்டும்; சாயங்காலத்தில் வேப்பெண்ணெயைச் சோப்புத் தண்ணீரில் கலந்து தெளிக்க வேண்டும்; சாயம் பட்ட கிளைகளை வெட்டியே ஆகவேண்டும். "துளுத்துச்சுன்னா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

தனகோடிதான் வெட்டினான். வேலி முழங்காலுக்கு இறங்கியது. மறுநாள் மத்தியானம் பெண்கள் டிபன் பாக்ஸைப் பிடித்தபடி நின்றார்கள். லாரி ஒன்று வேண்டுமென்றே ஹாரன் அடித்துப் போனது. வேலி துளிர்த்து எழும்புகிறவரை மறுபடியும் கேண்டீன்தானா என்று சம்பூர்ணத்துக்குக் கண் கலங்கியது.

அப்போது முதலாளியின் பெரிய கார் ஷெட்டிலிருந்து வெளியே வந்தது. டிரைவர் கோபி அதை வேலியை ஒட்டி, ரோட்டை மறைத்துக் குறுக்காக நிறுத்தினான்.

"செடி வளர்ற வரைக்கும் டெய்லி சாப்பாட்டு நேரத்துல இங்க போடச் சொல்லிட்டாருக்கா."

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். சம்பூர்ணம் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பாயை உதறிப் போட்டு, காலை நீட்டி உட்கார்ந்தாள்.

"கோபி, இன்னும் கொஞ்சம் பின்னால விடுப்பா. இந்த மூலைல தெரியுது."