இடப்பக்கம் விடியாத ஊர்

2016ஆம் ஆண்டு ஸஃப்னாவுக்கு இடப்பக்கத் தலையிடி வந்த நாட்களில், மாம்புரியில் கற்பிட்டிக்குப் போகும் வீதியின் இடப்பக்கம் மட்டும் விடியவில்லை. வலப்பக்கத்தில் வெங்காயம் காய்ந்தது. கடற்பக்கமான இடப்பக்கத்தில் வெயிலில்லாமல் கருவாடு நாறியது. கருவாட்டுப் பாய்களைத் தங்கள் பக்கம் விரிக்க வெங்காயக்காரர்கள் சம்மதிக்கவில்லை.

ஸஃப்னா, 1990இல் மன்னாரிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது வந்த முத்தலிபின் மகள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. வேலை இன்னும் வரவில்லை. வாந்தியும் தலையிடியும் வாரம் தவறாமல் வந்தன. இருட்டு அவள் தலையிடியோடு வருகிறது என்று கண்ட ஊர் கூடி, அவளை அநுராதபுரப் பக்கம் கட்டிக்கொடுத்துவிடுவது, இருட்டும் கூடவே போகட்டும் என்று முடிவெடுத்தது. அவளை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் ஓம் என்றுதான் சொல்லியிருப்பாள். எல்லாவற்றுக்கும் ஓம் சொல்லி, மீதியை விழுங்கிப் பழகியவள்.

மாப்பிள்ளை வீட்டார் இருட்டைப் பார்த்துவிடக் கூடாதே என்று உம்மா ஹிதாயா அவளைப் நாட்டு வைத்தியம் பார்க்கும் பரியாரி நிக்கொலஸிடம் கூட்டிப்போனாள். அவர் தலையைத் தொடவேயில்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தார்.

"தலையில ஒண்டுமில்ல மகள். இஞ்சதான் செமிக்காமக் கெடக்கு. பதினஞ்சு வருசச் சரக்கு."

வேர்க்கொம்பு, ஓமம், கொத்தமல்லி, கடுக்காய் என்று ஏழு பொட்டலம் கட்டி, நாளுக்கொன்று அவித்துக் குடிக்கச் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் மறுநாளே வருவதாகச் செய்தி வந்ததால், உம்மா ஏழையும் ஒரே பானையில் அவித்துக் குடிக்கக் கொடுத்தாள்.

மாப்பிள்ளையின் உம்மா றஹ்மத் உம்மா கதிரையில் அமர்ந்து, அகதிப் பிள்ளைக்கு எதற்கு இவ்வளவு படிப்பு என்று கேட்டபோது ஸஃப்னாவுக்கு முதல் ஏப்பம் வந்தது. அதில், ஐந்தாம் வகுப்பு ஆசிரியருக்குச் சொல்லாமல் விட்ட பதில் அந்த வயதுக் குரலிலேயே வந்தது. அடுத்ததில் பஸ்ஸில் உரசியவனுக்குரியது. அஸர் தொழுகை நேரம் வரை வருட வரிசைப்படி வந்துகொண்டிருந்தன. அவள் அடக்கவில்லை. ஊர்க் கூட்டத்துக்குரியது வந்தபோது வாசலில் நின்ற ஆண்கள் தங்கள் செருப்புகளைப் பார்த்தார்கள். கடைசிப் பதில் ஏப்பமில்லாமல் வந்தது.

"நான் இஞ்சதான் பொறந்த. எங்கயும் வரமாட்டன். வட்டிலப்பத்தச் சாப்பிட்டுட்டுப் போங்க மாமி, உம்மா கஷ்டப்பட்டுச் செஞ்ச."

அவர்கள் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்கள். தலையிடி விட்டது. கடற்பக்கத்தில் அன்றைய விடியல் மாலை ஐந்து மணிக்கு வந்தது. பெண்கள் பாய்களை விரித்தார்கள்.

ஸஃப்னா இப்போது மாம்புரியிலேயே படிப்பிக்கிறாள். இடப்பக்கம் சற்று மங்கினால் யாரும் வானத்தைப் பார்ப்பதில்லை. கருவாட்டுப் பெண்களில் ஒருத்தி அவள் வீட்டுக்குப் போய், "ஆரு என்ன சொன்ன, டீச்சர்? டக்கெண்டு திருப்பிச் சொல்லிப் போடுங்க, மீன் கெட்டுப்போகும்" என்கிறாள்.